வேண்டாம் என்றவர்களை முதலில் ஏற்றுங்கள்

இணையக் கடை வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு மாதம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். வழக்கமாக பார்சல் உடைந்தது, பணம் திரும்பி வரவில்லை என்றுதான் கடிதங்கள் வரும். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் தளத்தை மாற்றப் போகிறோம், அல்லது மாற்றிவிட்டு விழிக்கிறோம். ஆகவே வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை. உடைந்த பார்சல்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கரூரில் படுக்கை விரிப்பு, துண்டு, திரைச்சீலை விற்கும் இணையக் கடை வைத்திருக்கிறோம். ஒன்பது ஆண்டுகளில் 18,400 மின்னஞ்சல் முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. இப்போதுள்ள தளத்தின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. புதிய தளத்தின் விற்பனையாளர், "பட்டியலை அங்கே இறக்கி இங்கே ஏற்றினால் முடிந்தது, ஒரு மணி நேர வேலை" என்கிறார். தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் மாறிவிடலாமா அக்கா?
*வாசகர், கரூர்*

கூடாது தம்பி. ஏழு வாரம் வேலைக்குப் போதும், பெயர் எடுக்கப் போதாது.

அந்த விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. முகவரிகளை இறக்கி ஏற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நீங்கள் அனுப்பும் மடலை இன்பாக்ஸில் போடுவதா, ஸ்பேமில் தள்ளுவதா என்று முடிவு செய்பவர் அவர் அல்லர். உங்கள் டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) இதுவரை எப்படி நடந்துகொண்டது, மடல் எந்த சர்வரிலிருந்து, அதாவது எந்தக் கணினியிலிருந்து, புறப்படுகிறது, அந்த சர்வரின் நடத்தை என்ன என்பதையெல்லாம் ஜிமெயிலும் யாஹூவும் நினைவில் வைத்திருக்கின்றன. தளம் மாறினால் சர்வர் மாறுகிறது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு மளிகைக் கடைக்காரர் முதல் மாதம் அரைக் கிலோ துவரம்பருப்பு வேண்டுமானால் கடன் தருவார். மூட்டை அரிசி கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார். முதல் நாளே 18,400 மடல் அனுப்புவது மூட்டை அரிசி கேட்பதுதான்.

இந்தத் தீபாவளியைப் பழைய தளத்திலேயே கடத்திவிடுங்கள். இரண்டு மாதக் கூடுதல் கட்டணத்தை நினைத்து வயிறு எரியவேண்டாம். ஐப்பசியில் உங்கள் சலுகை மடல் ஸ்பேமில் கிடந்தால் போகிற பணம் அதைவிடப் பெரிது. தீபாவளி முடிந்த மறுவாரம் தொடங்குங்கள். மார்கழியில் வீடு மாறக்கூடாது என்பார்கள். இந்தக் குடிபெயர்ப்பு மார்கழியில் முடிவதுதான் தோது. கடையில் நெரிசல் இருக்காது, பிசகினாலும் திருத்திக்கொள்ள நாள் இருக்கும், பொங்கல் விற்பனைக்குள் புதிய தளம் உங்களுக்குக் கைவந்திருக்கும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். டொமைன் வேலையை இப்போதே முடித்து வையுங்கள். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்கவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதி கொண்டுவந்தது. யாஹூவும் அப்படியே. மூன்றும் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்த டொமைனுக்கான பதிவுகள் இருக்கும் பக்கத்தில், சேர்க்கவேண்டிய வரிகள். யார் யார் என் பெயரில் அனுப்பலாம் என்பது எஸ்பிஎஃப். இது நான் அனுப்பியதுதான் என்ற கையெழுத்து டிகிம். இவை இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 18,400 பேர் உள்ள நீங்கள் ஒரு தீபாவளி மடல் அனுப்பினாலே 5,000 என்ற கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். ஒருமுறை தாண்டியவருக்கு, பிறகு எவ்வளவு குறைத்து அனுப்பினாலும், மொத்தமாக அனுப்புபவர் என்ற முத்திரை போகாது.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். புதிய தளம் ஒரு வரி கொடுத்தால் அதைப் பழையதற்குக் கீழே இரண்டாவதாக ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. சலுகை மடல் மட்டும் அல்ல, நீங்கள் அலுவலகத்திலிருந்து அனுப்பும் பில், விலைப்பட்டியல்கூட அதனால் மாட்டிக்கொள்ளும். கரூரில் ஏற்றுமதியும் செய்பவராக இருந்தால், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம் ஸ்பேமில் விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆகும். புதியதைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்கவேண்டும்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லாமல் முடியாது.

மதுரையிலிருந்து மானாமதுரை மண்சட்டிகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். என்னிடம் 4,300 முகவரிகள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதிய தளத்துக்கு மாறினேன். முதலில் கடையை இணைத்தேன். அடுத்து முகவரிக் கோப்பை ஏற்றினேன். "4,300 பேர் சேர்க்கப்பட்டனர்" என்று பச்சை நிறத்தில் வந்தது. நிம்மதியாக தோசை ஊற்றப் போனேன். மூன்றாவது தோசையில் கைபேசி அடித்தது. என் அண்ணி. "என்னடி, உன் குடும்பத்துக்கு என்னை இப்போதுதான் வரவேற்கிறாயா?"

நடந்தது இதுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு "எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு! முதல் ஆர்டருக்கு 15% தள்ளுபடி" என்று தானாகப் போகும் மடல் ஒன்றை முந்தைய நாளே தயாரித்து, ஓடவும் விட்டிருந்தேன். பட்டியலில் சேர்ந்தவுடன் அனுப்பு என்பது அதற்கு இட்ட கட்டளை. கோப்பிலிருந்து ஏற்றுவதும் சேர்வதுதான் என்று அது எடுத்துக்கொண்டது. பல தளங்களின் குணம் அப்படித்தான். ஆறு ஆண்டுகளாக வாங்குகிறவர்கள், வந்த சட்டி விரிசல் என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லோருக்கும் நல்வரவு போய்விட்டது. திருச்சி வாடிக்கையாளர் ஒருவர் பதில் எழுதினார்: "ஏழாவது சட்டி வாங்கியிருக்கிறேன் அம்மா. வாசலிலேயே நிற்கவைத்திருந்தீர்களா?" அந்த வார இறுதியில் 61 பேர் 15% தள்ளுபடியில் வாங்கினார்கள். கொடுத்த வாக்கு, மறுக்க முடியுமா? சட்டிக்கு எனக்கு லாபமாக நிற்பதே அதற்குக் கொஞ்சம் மேல்தான்.

அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது வேறொன்று. "இனி அனுப்பவேண்டாம்" என்று முன்பே விலகியிருந்த 212 பேருக்கும் அந்த மடல் போயிருந்தது. எப்படிப் போனது என்பது எனக்கே மறுநாள்தான் புரிந்தது. நான் ஏற்றிய கோப்பில் அவர்கள் இல்லை. ஆனால் கடையை முதலில் இணைத்தேன் அல்லவா? கடை தன்னிடம் எப்போதோ வாங்கிய எல்லோரையும் புதிய தளத்துக்குத் தள்ளியது. இந்த 212 பேரும் எப்போதோ வாங்கியவர்கள். அவர்கள் விலகிய செய்தி பழைய தளத்தில் மட்டும்தான் பதிவாகியிருந்தது. புதிய தளத்துக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான். அவர்களில் பலர் செய்தது விலகல் இணைப்பை மறுபடி அழுத்துவது அல்ல. ஒருமுறை அழுத்தியும் பயன் இல்லை என்று கண்டவர்கள் இரண்டாம் முறை நேராக ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

பழைய தளத்திலிருந்து இறக்கும்போது பொதுவாக மூன்று கூட்டம் கிடைக்கும்: மடல் பெற ஒப்புக்கொண்டவர்கள், விலகியவர்கள், மடல் சேராமல் திரும்பிவந்த முகவரிகள். விற்பனையாளர் "பட்டியல்" என்று சொல்வது முதல் கூட்டத்தை. நீங்கள் முதலில் ஏற்றவேண்டியது இரண்டாவதையும் மூன்றாவதையும், அனுப்பக்கூடாதவர்கள் என்ற குறியோடு. அதன்பிறகு கடையை இணையுங்கள். கடைசியாகத்தான் ஒப்புக்கொண்டவர்களை ஏற்றுவது. ஏற்றும் நேரத்தில் தானாகப் போகும் எந்த மடலும் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது. எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள், வரவேற்பை முக்கியமாக.

பிறகு அனுப்பத் தொடங்கும்போது, கடந்த மூன்று மாதத்தில் வாங்கியவர்கள் அல்லது மடலில் உள்ள இணைப்பைத் தொட்டவர்கள் யார் என்று பிரியுங்கள். முதல் நாள் அவர்களில் 400 பேருக்கு. இரண்டு மூன்று நாள் கழித்து 800, பிறகு 1,500 என்று போகலாம். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம். உங்கள் மடலை எத்தனை பேர் ஸ்பேம் என்று குறித்தார்கள் என்பதை சதவீதமாகக் காட்டும். 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது கூகுள், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் போதும், உங்கள் கதை கந்தல். எண் ஏறினால் அளவைக் கூட்டாமல் நில்லுங்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு மடலையும் தொடாதவர்களை இந்தச் சந்தர்ப்பத்தில் விட்டுவிட்டு வருவது உத்தமம். 18,400 என்பது 11,000 ஆகலாம். அதனால் விற்பனை குறைந்ததாக நான் கண்டதில்லை. கட்டணம்தான் குறையும். நீங்கள் மாறுவதற்குச் சொன்ன காரணமே அதுதானே.

சிவகாசியில் பெயர் அச்சிட்ட டைரி, காலண்டர் செய்து இணையத்தில் விற்கிறோம். வாடிக்கையாளர்கள் பெயரைத் தமிழிலேயே தருவார்கள். புதிய தளத்தில் ஏற்றியபின் பெயர்கள் எல்லாம் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளாக இருக்கின்றன. கைபேசி எண்களும் குழம்பிவிட்டன.
*வாசகி, சிவகாசி*

இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்து, சரிபார்த்துவிட்டு, சேமித்திருப்பீர்கள். அந்தச் சேமிப்பில்தான் வினை.

தளத்திலிருந்து இறங்குவது சிஎஸ்வி, அதாவது பட்டியலை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு. அதற்குள் உங்கள் தமிழ் நன்றாகவே இருந்திருக்கும். எக்செல் அதை யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறை) என்று அறியாமல் வேறு எழுத்து முறையாக நினைத்துத் திறக்கிறது. திறந்ததோடு மூடியிருந்தால் தப்பியிருக்கலாம். சேமித்ததும் கிறுக்கலே மூலமாகிவிட்டது. கைபேசி எண்ணும் அதே கதை. 91 சேர்த்து 12 இலக்கம் உள்ள எண்ணை எக்செல் ஒரு பெரிய தொகையாக எடுத்துக்கொண்டு, 9.19 என்பது போலத் தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டுச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சுருக்கமே கோப்பில் போய் உட்காரும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எக்செலில் திருத்தி மீட்க முடியாது.

பழைய கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா? அப்படியானால் கோப்பை மறுபடி இறக்குங்கள். திறக்காமல் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். எக்செலில் பார்த்தே ஆகவேண்டும் என்றால், முதலில் வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பகுதியில் உள்ள வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவாருங்கள். அங்கே எழுத்து முறை கேட்கும். 65001 என்ற எண்ணோடு யுடிஎஃப்-8 இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எண் உள்ள பத்தியை எழுத்து வகையாக மாற்றுங்கள்.

பிறந்தநாள் பத்தி இருந்தால் அதையும் பாருங்கள். நாம் நாள், மாதம் என்று எழுதுகிறோம். அமெரிக்கத் தளங்கள் மாதம், நாள் என்று படிக்கும். 25/03 என்றால் 25ஆம் மாதம் இல்லையே என்று தகராறு செய்யும், நமக்கும் தெரிந்துவிடும். 07/03 என்றால் சத்தமே போடாது. மார்ச் 7இல் பிறந்தவருக்கு ஜூலை 3இல் வாழ்த்துப் போகும். காலண்டர் விற்கிறவரிடமிருந்து தேதி தப்பி வாழ்த்து வந்தால் நன்றாகவா இருக்கும்?

நாகர்கோவிலில் நேந்திரம் சிப்ஸ் கடை. கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு நினைவூட்டல் மடல் போகும். தளம் மாறியபின் ஒரே ஆளுக்கு மூன்று மடல் போவதாகப் புகார் வருகிறது.
*வாசகர், நாகர்கோவில்*

கடை மென்பொருள் தானாக அனுப்புவது ஒன்று. புதிய தளம் அனுப்புவது ஒன்று. பழைய தளத்தில் நிறுத்த மறந்தது ஒன்று. மூன்றிலும் தள்ளுபடி வேறு வேறாக வைத்திருந்தீர்களானால், பெரிய தள்ளுபடி எதில் வருகிறது என்று வாடிக்கையாளர் கூடையை விட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருப்பார். இன்றே இரண்டை நிறுத்துங்கள். ஆர்டர் உறுதி, பார்சல் புறப்பட்டது போன்ற மடல்களைக் கடை மென்பொருளே அனுப்பட்டும், அவற்றில் கை வைக்கவேண்டாம்.

நிறுத்தியபின், உங்கள் வீட்டு முகவரி ஒன்றைப் போட்டு நீங்களே கூடையை நிரப்பிவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். எத்தனை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தளத்தின் திரையை நம்பாதீர்கள். அப்படியே வருகிற நேரத்தையும் பாருங்கள். கணக்கின் நேர மண்டலம் இந்திய நேரத்துக்கு மாற்றப்படாமல் கிடந்தால், காலை 9 மணி என்று நீங்கள் குறித்தது லண்டன் குளிர்கால நேரமாகி, இங்கே பிற்பகல் 2.30க்கு வரும்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் விற்கிறேன். கடையின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டிருந்தேன். புதிய தளம் மறுக்கிறது. பழையது ஏற்றுக்கொண்டதே?
*வாசகர், கோவில்பட்டி*

ஜிமெயில் டாட் காம் உங்கள் டொமைன் அல்ல, கூகுளுடையது. அதன் பெயரில் வேறொரு தளம் கையெழுத்திட முடியாது. யாஹூ தன் முகவரிகளை இப்படி வெளியாட்கள் பயன்படுத்துவதை 2014லேயே அடைத்துவிட்டது. பழைய தளம் ஏற்றுக்கொண்டது உண்மையாக இருக்கலாம், வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். உங்கள் இணையக் கடைக்கு ஏற்கெனவே ஒரு டொமைன் இருக்குமே. அதில் ஒரு முகவரி திறந்துகொள்ளுங்கள். பதில் எழுதினால் வந்து சேரும் முகவரியாக இருக்கட்டும். பதில் எழுதவேண்டாம் என்று பெயரிலேயே சொல்லும் முகவரியை வைத்துக்கொண்டு மிட்டாய் விற்காதீர்கள்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை. தளம் மாறும் கையோடு பட்டியலையும் பெரிதாக்கலாம் என்று இருக்கிறோம். ஒருவர் 1 லட்சம் பெண்களின் முகவரி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
*வாசகர், சின்னாளபட்டி*

வேண்டாம். அந்த 1 லட்சம் பெண்களில் ஒருவர்கூட உங்களைக் கேட்கவில்லை. மேலே கரூர்க்காரருக்குச் சொன்ன ஆயிரத்துக்கு மூன்று கணக்கை இதில் போட்டுப் பாருங்கள், முதல் மடலிலேயே முடிந்துவிடும். விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்றக்கூடாது என்று பெயர் பெற்ற தளங்கள் எல்லாம் தங்கள் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைப் பற்றித்தான் பேசுகிறது, அதுவும் கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்று. அந்தப் பணத்துக்கு சேலைப் பெட்டிக்குள் ஒரு சீட்டு அச்சிட்டு வையுங்கள்: புதுச் சாயம் வரும்போது தகவல் வேண்டுமானால் இங்கே பதியுங்கள் என்று. இருபது பேர் பதிந்தாலும் இருபது பேரும் சேலை பார்க்கிறவர்கள்.

கோவையில் நானும் என் கணவரும் சேர்ந்து பருத்தி ஆடைக் கடை நடத்துகிறோம். தளம் மாறியபின் மடலைத் திறப்பவர்கள் 41 சதவீதத்திலிருந்து 24 ஆகிவிட்டார்கள். என் கணவர் பழையதற்கே போகலாம் என்று தினமும் சொல்கிறார்.
*வாசகி, கோவை*

ஐந்தில் இருவர் திடீரென்று காணாமல் போகமாட்டார்கள். எண்ணும் முறை மாறியிருக்கக் கூடும்.

மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்று இருக்கும். அது இறங்கினால் மடல் திறக்கப்பட்டது என்று கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு வசதி கொண்டுவந்தது. அதை இயக்கிவைத்தவர்களுக்கு, அவர்கள் மடலைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஆப்பிளின் சர்வர் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். இதையும் திறந்ததாகக் கணக்கில் சேர்க்கும் தளங்கள் உண்டு, கழித்துக் காட்டும் தளங்களும் உண்டு. உங்கள் பழையது முதல் வகையாகவும் புதியது இரண்டாம் வகையாகவும் இருந்தால் இந்த 17 புள்ளி வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுவே.

மாறுவதற்கு முன் நான்கு மடல், பின் நான்கு மடல் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள், எத்தனை ஆர்டர் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதுவும் பாதியாகியிருந்தால் கணவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் திரும்பிப் போவதற்கு முன் ஸ்பேம் சதவீதத்தையும் டிகிம் கையெழுத்தையும் பாருங்கள். ஆர்டர் அப்படியே இருந்தால் தாளை அவர் காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகள் விற்கிறோம். பொம்மைகளைப் பற்றி நீளமாகத் தமிழில் மடல் எழுதுவோம். புதிய தளத்திலிருந்து போகும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டுகிறது.
*வாசகர், தஞ்சாவூர்*

மடலின் எழுத்தும் அதன் பின்னால் உள்ள நிரலும் சேர்ந்து ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். படங்கள் இதில் சேராது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. "பொ" என்பதற்கே ஆறு. ஆனாலும் உங்கள் தமிழைக் குறை சொல்லமாட்டேன், அது மிஞ்சினால் முப்பது கிலோபைட் இருக்கும். வேர்டில் எழுதி அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அதோடு வரும் மறைவான குப்பைதான் கனம். நோட்பேடில் ஒட்டி எடுத்து, அங்கிருந்து தளத்தில் ஒட்டிப் பாருங்கள்.

வெட்டுப்படுவது அழகுக்குறை மட்டும் அல்ல. விலகல் இணைப்பு மடலின் அடியில்தானே இருக்கிறது? அது மறைந்துவிடும். விலக நினைத்தவர் வழி தெரியாமல் ஸ்பேம் பொத்தானுக்குப் போவார். மடலின் தலைப்பகுதியிலேயே ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும் என்று மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் விதித்திருப்பது இந்தத் தொல்லைக்கும் மருந்து. உங்கள் புதிய தளத்தில் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

சுற்றி வளைக்காமல் எந்தத் தளம் நல்லது என்று பெயரை மட்டும் சொல்லுங்கள்.
*வாசகர், ஈரோடு*

மஞ்சளில் எது நல்லது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? குழம்புக்கா, பூச்சுக்கா என்று கேட்பீர்கள்.

மெயில்சிம்ப், கிளேவியோ, பிரீவோ, நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கேம்பெயின்ஸ் என்று நான்கையும் வெவ்வேறு கடைகளில் பார்த்திருக்கிறேன். யார் எதை வாங்கினார் என்று பிரித்து அனுப்புவது கிளேவியோவின் பலம், இணையக் கடையை நினைத்தே வளர்ந்தது அது. பட்டியல் பெரிது, அனுப்புவதோ மாதம் ஒன்று என்றால் அனுப்பும் மடலுக்குக் கட்டணம் வாங்கும் பிரீவோ மாதிரித் தளம் சிக்கனம். 2023 வரை அதன் பெயர் சென்டின்புளூ. ஆள் எண்ணிக்கைக்குக் கட்டணம் வாங்கும் தளத்தில், விலகியவர்களையும் தலைக்கணக்கில் சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். சேர்க்கும் தளங்கள் இருக்கின்றன. மடல் வேண்டாம் என்றவருக்கு மாதாமாதம் வாடகை கட்டுவது நம் தலையெழுத்தா?

டாலரில் கட்டணம் என்றால் இன்னொன்று. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. முன்கூட்டியே பதிந்து உறுதி செய்யவேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. பதியாத கார்டில் பணம் பிடிபடாமல் போய், சலுகை மடல் போகவேண்டிய காலையில் கணக்கு நின்று கிடக்கும். ரூபாயில் பில் தரும் தளத்துக்கு இதற்காகவே ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை. மாறி மூன்று வாரம் ஆகிறது, எல்லாம் நன்றாக ஓடுகிறது. பழைய கணக்கை இன்றே மூடிவிடலாமா அம்மா?
*வாசகி, காரைக்குடி*

இன்னும் ஒரு மாதமாவது வைத்திருங்கள் அம்மா. இலவசத் திட்டத்துக்கு இறக்கிவைக்க முடிந்தால் இறக்கிவிடுங்கள்.

உங்கள் பழைய மடல்களில் உள்ள சேலைப் படங்கள் எல்லாம் அந்தத் தளத்தின் சர்வரில்தான் இருக்கின்றன. கடையில் சேலையின் படம் இருக்கும், மடலுக்கென்று எடுத்த நெசவுத்தறிப் படம் இருக்காது. அவற்றை இறக்கி வையுங்கள். உங்கள் வலைத்தளத்தின் அடியில் உள்ள "முகவரியைப் பதியுங்கள்" பெட்டி இன்னும் பழைய தளத்துக்கே போய்க்கொண்டிருக்கிறதா என்று நீங்களே ஒரு முகவரியைப் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த கடைகளில் பெரும்பாலும் இது ஒன்று விட்டுப்போயிருக்கும். தீர்ந்த சேலை திரும்ப வந்ததும் தெரிவியுங்கள் என்று பதிந்தவர்கள் தனிப் பட்டியலாக இருப்பார்கள், அதையும் பாருங்கள்.

முக்கியமானது, நீங்கள் ஒரு மாதத்துக்கு முன் அனுப்பிய மடலை இன்றைக்குத் திறக்கிறவர் இருக்கிறார். அதில் உள்ள விலகல் இணைப்பைத் தொட்டால் அந்தச் செய்தி பழைய வீட்டுக்குத்தான் போகும். மூடுகிற அன்று கடைசியாக ஒருமுறை உள்ளே போய், இடைப்பட்ட நாளில் விலகியவர்கள் யார் என்று பார்த்துப் புதிய தளத்தில் குறித்துவிட்டு மூடுங்கள். என் சட்டிக் கடையின் பழைய கணக்கை மூடப் போன அன்று அப்படி மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அந்த ஏழு சட்டிக்காரர். இப்போது எட்டாவதும் வாங்கிவிட்டார், தொலைபேசியில். மடல் மட்டும் வேண்டாமாம்.